பில் புத்தகத்திலிருந்து கணினிக்கு: ஹார்ட்வேர் கடைக்கான முழுமையான வழிகாட்டி

பைப், வயர், பெயின்ட், பூட்டு, ஆணி என்று ஆயிரக்கணக்கில் உருப்படி வைத்திருக்கும் ஹார்ட்வேர் கடைக்காரருக்காக இதை எழுதுகிறேன். கடையில் இன்னும் கார்பன் பில் புத்தகம் ஓடுகிறது. பாக்கி நீள நோட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பில் கட்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறது. இதையெல்லாம் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் இனிமேல் கேள்வி.

இந்த மாற்றத்தைப் பல கடைகளில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். தடுமாறிய கடைகளில் பெரும்பாலானவை மென்பொருளை முதல் நாளே வாங்கியவை. பொருள் பட்டியல் தயாராகும் முன்பே மென்பொருள் வந்துவிட்டால், பணம் கட்டிவிட்டோமே என்ற அவசரத்தில் கண்டபடி பெயர்களை ஏற்றிவிடுவார்கள். மூன்று மாதத்தில் திரை காட்டும் இருப்புக்கும் ரேக்கில் கிடக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இருக்காது. பழைய நோட்டு மறுபடி கல்லாப் பக்கம் வந்துவிடும். அதனால் இங்கே மென்பொருள் ஆறாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஏப்ரல் 1 தான் நல்ல நாள். மார்ச் 31 அன்று ஆடிட்டருக்காக எப்படியும் இருப்பும் பாக்கியும் முடித்தாக வேண்டும். அதே எண்களை அப்படியே தொடக்க இருப்பாக ஏற்றிவிடலாம். ஆண்டின் நடுவில் தொடங்கினால் பாதி ஆண்டு நோட்டிலும் பாதி ஆண்டு கணினியிலுமாகக் கணக்கு பிரிந்துவிடும்.

பொங்கலுக்கு முந்தைய பெயின்ட் வியாபாரம் ஓய்ந்ததும் பட்டியல் வேலையை ஆரம்பித்தால் மார்ச் முடிவுக்குள் அவசரமில்லாமல் முடிக்கலாம். ஏப்ரலைத் தவறவிட்டால் ஜூலை 1 பரவாயில்லை. அது காலாண்டின் முதல் நாள். முதல் சில வாரத் தடுமாற்றமும் ஆடி மாதத்தில், கிரகப்பிரவேசம் இல்லாத மந்தமான நாட்களில் கழிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் தொடங்கவே வேண்டாம். கூட்டம் நிற்கும்போது புதிய திரையைப் பழகச் சொன்னால், பில் போடும் பெண் இரண்டாம் நாளே பழைய புத்தகத்தை எடுத்துவிடுவார்.

2. உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். ஆனாலும் முதலில் செய்ய வேண்டும். ஏனென்றால் பில்லின் வடிவமே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கிறீர்களா, வழக்கமான ஜிஎஸ்டி பதிவா? காம்போசிஷன் என்றால் (ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை இதில் இருக்கலாம்) வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, பில்லில் வரித் தொகை என்று ஒன்று வரவே கூடாது. வேறு மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. மென்பொருளில் இந்த ஒரு தேர்வைத் தவறாக வைத்துவிட்டால் எல்லா பில்லும் தவறாகிவிடும்.

அடுத்து, 2017-18 முதல் எந்த ஒரு நிதியாண்டிலாவது உங்கள் பான் எண்ணின் மொத்த விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியதா? தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ளவர்களுக்குப் போடும் பில்லுக்கெல்லாம் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்குவது) கட்டாயம். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த 5 கோடி வரம்பு நடப்பில் இருக்கிறது. பலர் போன ஆண்டு விற்றுமுதலை மட்டும் பார்த்துவிட்டு நமக்கு இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு முறை தாண்டியிருந்தாலே விதி பொருந்தும். ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

3. பொருள் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

ஒரு எக்செல் தாளைத் திறந்துகொள்ளுங்கள். பழைய பில் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். அதில் ஒரே பொருள் நாலு பெயரில் இருக்கும். ரேக்குக்கு முன் நின்று, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எழுதுங்கள். ரேக்குக்கு எண் கொடுத்து ஒட்டிவிட்டே தொடங்குங்கள். இருப்பு எண்ணும்போது அதே எண்கள் கைகொடுக்கும்.

பெயருக்கு ஒரே ஒழுங்கு வேண்டும். நான் பரிந்துரைப்பது: முதலில் பொருள், பிறகு வகை, பிறகு அளவு, கடைசியில் நிறுவனம். அதாவது 'எல்போ – சிபிவிசி – முக்கால் இஞ்ச் – நிறுவனப் பெயர்'. நிறுவனப் பெயரை முதலில் போட்டால், பில் போடுபவர் எல்போ என்று தேடும்போது எல்லா நிறுவனத்து எல்போவும் ஒன்றாக வந்து நிற்காது. வாடிக்கையாளர் எல்போ வேண்டும் என்றுதான் கேட்பார். நிறுவனத்தை இரண்டாவதாகத்தான் சொல்வார்.

அளவில்தான் பெரிய குழப்பம். பிவிசி பிரஷர் பைப்பில் 25 மி.மீ. என்றால் முக்கால் இஞ்ச். சிபிவிசி பைப்பில் நிறுவனங்கள் 25 மி.மீ. என்று குறிப்பது ஒரு இஞ்சை. பிவிசியில் ஒரு இஞ்ச் 32 மி.மீ. ஆகிவிடும். விலைப்பட்டியலில் இருக்கும் மி.மீ. அளவை அப்படியே ஏற்றிய கடையில், முக்கால் இஞ்ச் பிவிசி எல்போவுக்குப் பதில் ஒரு இஞ்ச் சிபிவிசி எல்போ பில் ஆகும். விலை வித்தியாசம் ஒரு பக்கம். இரண்டு பொருளின் இருப்பும் சேர்ந்தே கெட்டுப்போகும். கடையில் வாயால் எப்படிச் சொல்கிறீர்களோ அந்த அளவைப் பெயரில் வையுங்கள். பிளம்பர் காலையில் வந்து 'முக்கால் எல்போ பத்து, டீ நாலு' என்று சொன்னால், கேட்டவர் கை தேட வேண்டியது அதைத்தான். கம்பெனியின் மி.மீ. அளவை மாற்றுப்பெயர் என்ற இடத்தில் போடுங்கள். எல்லா நல்ல மென்பொருளிலும் அப்படி ஓர் இடம் உண்டு.

முக்காலை ஒரு இடத்தில் எழுத்திலும், ஒரு இடத்தில் பின்னமாகவும், இன்னொரு இடத்தில் 0.75 என்றும் எழுதாதீர்கள். எது என்பது உங்கள் விருப்பம். ஆனால் பட்டியல் முழுவதும் ஒன்றே இருக்கட்டும். ஒரே ஒருவர் தட்டச்சு செய்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும். மகனும் மருமகளும் கடைப் பையனும் ஆளுக்கு ஒரு ரேக் என்று பிரித்துக்கொண்ட கடைகளில் ஒரே பால் வால்வு மூன்று பெயரில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் பெயர் வரிசையில் அடுக்கி ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இப்போதே நீக்கிவிடுங்கள். ஒரு பொருளுக்கு பில் விழுந்த பிறகு அதன் பெயரை நீக்க பெரும்பாலான மென்பொருள் விடாது.

4. அலகு: எந்தச் சிறிய அளவில் விற்கிறீர்களோ அதுதான் அடிப்படை

தொடக்கத்தில் சரியாக வைக்காவிட்டால் பின்னால் மாற்றவே முடியாத விஷயம் இது.

வீட்டு வயர் 90 மீட்டர் சுருளாக வருகிறது. கொள்முதல் பில்லில் '1 சுருள்' என்று இருக்கும். நீங்கள் மீட்டர் கணக்கிலும் வெட்டித் தருவீர்கள். அலகைச் சுருள் என்று வைத்துவிட்டு, பில் போடும்போது 15 மீட்டருக்கு '15' என்று அடித்தால், கணினி 15 சுருள் விற்றதாக எடுத்துக்கொள்ளும். இருப்பு மைனஸில் போகும். அடிப்படை அலகு மீட்டர், மாற்று அலகு சுருள், ஒரு சுருள் 90 மீட்டர் என்று வைத்தால் வாங்குவது சுருளிலும் விற்பது மீட்டரிலும் இருக்கலாம். கணக்கு தானாக ஓடும்.

பிவிசி பைப் 20 அடி நீளம். பாதியாக வெட்டித் தரும் பழக்கம் இருந்தால் அடிப்படை அலகு அடி. வெட்டித் தருவதே இல்லையென்றால் நீளம் என்றே வைக்கலாம். ஆணி கிலோவில். ஸ்க்ரூ பெட்டியாகவும் எண்ணியும் விற்றால் எண்ணிக்கைதான் அடிப்படை. ஒரு பெட்டியில் எத்தனை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அட்டையைப் பார்த்தே போடுங்கள்.

பெயின்டில் மாற்று அலகு வேண்டாம். 1, 4, 10, 20 லிட்டர் டின்கள் நான்கும் நான்கு தனிப் பொருட்கள். லிட்டர் என்று ஒரே பொருளாக வைத்தால், நாலு லிட்டர் டின் தீர்ந்துபோனதைக் கணினி சொல்லாது. 20 லிட்டர் டின் ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிடும். நிறம் கலக்கும் இயந்திரம் இருந்தால் பேஸ் டின்தான் பொருள். ஷேடு எண்ணை பில்லின் குறிப்பு இடத்தில் எழுதுங்கள். அதே நிறத்தில் இன்னும் ஒரு லிட்டர் வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து வருபவரின் பழைய பில்லை எடுத்தால் ஷேடு எண் உடனே கிடைக்கும்.

5. ஹெச்எஸ்என் எண்ணும் வரி விகிதமும்

ஹெச்எஸ்என் என்பது ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். அதற்கும் வரி விகிதத்துக்கும் பட்டியலில் இரண்டு நெடுவரிசை சேர்த்து ஒவ்வொரு பொருளுக்கும் நிரப்புங்கள். சமீபத்திய கொள்முதல் பில்லைப் பார்த்து நிரப்புவதுதான் சுலபமான வழி. பிளாஸ்டிக் பைப்பும் ஃபிட்டிங்கும் 3917, குழாயும் வால்வும் 8481, வயர் 8544, ஆணி 7317, ஸ்க்ரூ, போல்ட், நட் 7318, பூட்டு 8301 என்று போகும். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 4 இலக்கம் போதும். அதற்கு மேல் 6 இலக்கம் வேண்டும்.

கொள்முதல் பில் 2025 செப்டம்பர் 22-க்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று முதல் வரி விகிதங்கள் மாறின. சிமென்ட் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அதற்கு முந்தைய பில்லைப் பார்த்து ஏற்றினால் பழைய விகிதம் உள்ளே வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் 18 என்று ஒரே மூச்சில் நிரப்பிவிடவும் கூடாது. மண்வெட்டி, அரிவாள், கோடாரி போன்ற கை விவசாயக் கருவிகள் 8201-இல் வரும்; அவற்றுக்கு வரி இல்லை. விவசாயியிடம் மண்வெட்டிக்கு வரி வாங்கும் பில் பார்க்க நன்றாக இருக்காது, சட்டப்படியும் சரியில்லை.

6. இப்போது மென்பொருள்

பட்டியல் கையில் இருக்கும்போது மென்பொருள் தேர்வு எளிது. விற்பனையாளரின் செய்முறை விளக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் காட்டும் மாதிரிக் கடையில் எல்லாம் சரியாகவே ஓடும். உங்கள் எக்செல் தாளிலிருந்து ஐம்பது பொருளை எடுத்துக் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு நான்கு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று, 15 மீட்டர் வயரை 90 மீட்டர் சுருளிலிருந்து விற்பது. இரண்டு, பிளம்பர் மிச்சப்பட்ட ஃபிட்டிங்கைத் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய பில்லை இணைத்துத் திரும்பப் பெறுவது. மூன்று, ஒரே பார்கோடில் இரண்டு எம்ஆர்பி உள்ள பொருளைத் தனித்தனியே விற்பது. விலை ஏறியதும் பழைய விலைச் சரக்கும் புது விலைச் சரக்கும் ஒரே ரேக்கில் இருக்குமே, அதற்காக. நான்கு, எல்லாத் தரவையும் எக்செல்லாக வெளியே எடுப்பது. நான்காவதில் தயங்கினால் வேறு மென்பொருளைப் பாருங்கள். நாளைக்கு மாற நினைத்தால் வெளியேற வழி வேண்டும்.

டேலி, ஜோஹோ புக்ஸ் இரண்டும் ஊருக்கு ஊர் தெரிந்த பெயர்கள். உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் எது ஓடுகிறதோ அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். மாதக் கடைசியில் கோப்பு அனுப்பினால் அவர்கள் திறக்கும்படி இருக்க வேண்டும். அடிக்கடி இணையம் அறுந்துபோகும் தெருவில் கடை இருந்தால், இணையம் இல்லாமலும் பில் போட முடிகிறதா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள்: வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள்.

7. கருவிகள்

ஒரு கணினி, கவுன்டருக்கு 3 அங்குலத் தெர்மல் பிரின்டர், ஜிஎஸ்டி பில்லுக்கு ஒரு லேசர் பிரின்டர், பார்கோடு ஸ்கேனர், கணினியும் மோடமும் தாங்கும் ஒரு யுபிஎஸ். இது போதும். தெர்மல் தாளில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். அதனால் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பில்லை அதில் அடிக்காதீர்கள்.

பல்பு, பெயின்ட், பூட்டுப் பெட்டிகளில் நிறுவனமே பார்கோடு அடித்திருக்கும். எல்போவிலும் டீயிலும் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். வேலை முடியாது, ஒட்டினாலும் நிற்காது. உதிரிச் சரக்குக்கெல்லாம் ரேக் வாரியாக ஒரு பார்கோடு தாள் அச்சிட்டு லேமினேட் செய்து கவுன்டரில் வையுங்கள். பொருளை எண்ணி எடுத்துவிட்டு தாளில் ஸ்கேன் செய்தால் போதும்.

8. பாக்கி நோட்டை மாற்றுவது

இருப்பை விட இது நுட்பமான வேலை, ஏனென்றால் இங்கே மனிதர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் பெயர். நோட்டில் 'முருகன் மேஸ்திரி' என்று மூன்று பக்கம் இருக்கும். மூன்றும் மூன்று பேர் என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும். கணினிக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் கைபேசி எண்ணைச் சேருங்கள். பெயரோடு ஊரையும் சேருங்கள். ஜிஎஸ்டி எண் உள்ளவர் என்றால் 15 இலக்கத்தையும் ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பார்த்து, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஏற்றுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அது 34 என்றால் அவர் புதுச்சேரிக்காரர். அவருக்குப் போடும் பில்லில் வரி பிரியும் விதமே மாறலாம்.

அடுத்து தொகை. நோட்டில் இருப்பதை அப்படியே ஏற்றும் முன் ஒவ்வொரு பாக்கிக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: 'அண்ணே, கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாத்துறோம். நம்ம நோட்டுப்படி உங்க கணக்குல இவ்வளவு நிக்குது, சரிதானே?' வித்தியாசம் இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கணினி பில்லில் பழைய பாக்கி என்று திடீரென்று ஒரு தொகையைப் பார்த்தால் பத்து வருட வாடிக்கையாளருக்கும் மனம் கசந்துவிடும்.

மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக, பழைய பில் தேதியோடு ஏற்றுங்கள். எந்தப் பணம் எத்தனை நாளாக நிற்கிறது என்ற அறிக்கை அப்போதுதான் முதல் மாதத்திலேயே பயன் தரும். மொத்தமாக ஏற்றினால் எல்லாப் பாக்கியும் ஏப்ரல் 1-இல் பிறந்ததாகக் காட்டும்.

9. இருப்பு எண்ணுதல்

மார்ச் 31 மாலை கடை அடைத்த பிறகு எண்ணுங்கள். பெரிய கடை என்றால் குடோனை முந்தைய நாட்களிலேயே எண்ணிப் பூட்டிவிட்டு, கடையை மட்டும் கடைசி நாளில் எண்ணலாம்.

இருவர் சேர்ந்து எண்ண வேண்டும்: ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத. எழுதும் தாளில் பொருள் பெயரும் ரேக் எண்ணும் மட்டும் இருக்கட்டும். எவ்வளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எண்ணை அதில் அச்சிடாதீர்கள். எண் எதிரே தெரிந்தால் களைத்துப்போனவர் எண்ணாமலேயே டிக் போட்டுவிடுவார். வெட்டிய வயர் துண்டு, திறந்த ஸ்க்ரூ பெட்டி இவற்றை அடிப்படை அலகில் எழுதுங்கள்.

விலை எழுதும்போது கொள்முதல் விலையை வரி இல்லாமல் எழுதுங்கள். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துவிட்டீர்கள்; அது சரக்கின் மதிப்பில் சேராது. வரியோடு ஏற்றிய கடைகளில் லாபம் குறைத்துக் காட்டும், காரணமும் பிடிபடாது. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது என்பதால் அவர்கள் வரியோடுதான் எழுத வேண்டும். ஏற்றி முடித்ததும் மொத்த மதிப்பை ஆடிட்டரின் மார்ச் 31 எண்ணோடு ஒப்பிடுங்கள்.

10. பில் எண் வரிசை

புதிய நிதியாண்டுக்குப் புதிய வரிசை. பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு இவை மட்டுமே. இ-இன்வாய்ஸ் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை இ-இன்வாய்ஸ் தளம் ஏற்காது. 001 என்று அழகாகத் தொடங்கிய வரிசை முதல் பில்லிலேயே நின்றுவிடும்.

ஜிஎஸ்டி பில்லுக்கு ஒரு வரிசை, கவுன்டர் பில்லுக்கு ஒரு வரிசை, கொட்டேஷனுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணினியில் பில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் முன்னெழுத்து வேறாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு பில்லில் வந்துவிடும்.

பதிவில்லாத வாடிக்கையாளருக்கு 200 ரூபாய்க்குக் கீழே விற்கும்போது, அவர் கேட்காவிட்டால், தனித்தனி பில் தேவையில்லை. நாள் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பில் போடச் சட்டம் இடம் தருகிறது. பத்து ரூபாய் ஆணிக்குத் தனி பில் வேண்டாம் என்பது நிம்மதிதான். ஆனால் அந்தச் சில்லறை விற்பனையை அவ்வப்போது ஒரு தாளிலாவது குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் ஃபெவிகால், டெஃப்லான் டேப், வாஷர் மாதிரியான சரக்கின் இருப்புதான் முதலில் தப்பும்.

11. முதல் வாரம்

பழைய புத்தகத்தையும் கணினியையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருந்தால் ஊழியர் பழகிய இடத்தில்தான் ஒழுங்காக எழுதுவார். ஒரு வாரம் போதும். அந்த வாரத்திலும் கணினி பில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். புத்தகம் மின்சாரம் போனால் மட்டும்.

திரையில் ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் பில் போடுபவர் புதுப் பொருளைத் தானே உருவாக்கக் கூடாது. அந்த அனுமதியை முதல் நாளே பூட்டிவிடுங்கள். 'பட்டியலில் இல்லாதவை' என்று ஒரு சின்ன நோட்டு கவுன்டரில் இருக்கட்டும். மாலையில் பொறுப்பானவர் பார்த்துச் சேர்க்கட்டும். பாதிப் பொருள் ஏற்கெனவே வேறு பெயரில் இருப்பது தெரியவரும். அப்போது அந்தப் பேச்சு வழக்குப் பெயரை மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடுங்கள்.

கொள்முதல் பில்லை வந்த அன்றே ஏற்றுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் சரக்கு விற்றுப்போகும், வந்த கணக்கு இருக்காது, இருப்பு மைனஸில் நிற்கும். சப்ளையர் பில் எண்ணை அவர் அடித்திருக்கும்படியே, சாய்கோடு உட்பட, ஏற்றுங்கள். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு (சப்ளையர்கள் உங்கள் பெயரில் ஜிஎஸ்டி தளத்தில் காட்டிய பில்களின் பட்டியல்) ஒப்பிடும்போது எண் பொருந்தினால்தான் விடுபட்ட பில் எது என்று தெரியும்.

12. யுபிஐ பணத்தை பில்லோடு இணைப்பது

கியூஆர் அட்டை எல்லாக் கடையிலும் இருக்கிறது. முதலாளியின் சொந்த சேமிப்புக் கணக்கில் அது இணைந்திருப்பதுதான் சிக்கல். கடையின் நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுச் செலவும் கடை வரவும் கலந்த கணக்கை எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

தொகை தானாக வரும் கியூஆர் கோடை பில்லிலேயோ திரையிலேயோ காட்டும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 1,847 ரூபாய்க்கு 1,874 என்று அடித்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் பேச்சே இருக்காது. பணம் வந்ததை உங்கள் ஒலிப்பெட்டியிலோ உங்கள் செயலியிலோ மட்டும் பாருங்கள். வாடிக்கையாளர் கைபேசித் திரையை ஆதாரமாக எடுக்காதீர்கள். போலித் திரை காட்டும் செயலிகள் இருக்கின்றன. கடை திறக்கும்போது கியூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கொடுத்தால் பெரிய தொகைக்குக் கட்டணம் பிடிக்கப்படலாம். வங்கி வரவு பில் தொகையைவிடக் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

13. இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும்

இரண்டாம் படியில் 5 கோடிக்குக் கீழ் என்று உறுதியானவர்கள் இ-இன்வாய்ஸைத் தாண்டி இ-வே பில்லுக்குப் போகலாம்.

இ-இன்வாய்ஸ் தளத்தில் நுழைய இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி பதிவான கைபேசிக்குப் போகும். பல கடைகளில் அந்த எண் ஆடிட்டர் அலுவலகத்து உதவியாளருடையதாகவோ, வேலையை விட்டுப் போனவருடையதாகவோ இருக்கும். லாரி வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். இன்றைக்கே சரிபாருங்கள்.

பில் தளத்தில் பதிவாகி 64 எழுத்து எண்ணும் கியூஆர் கோடும் வந்த பிறகுதான் அச்சிட வேண்டும். தவறு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டினால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழிக்கும் திருத்தச் சீட்டு) போடுவதுதான் வழி. விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குப் பிறகு தளம் ஏற்காது.

இ-வே பில் (வண்டியில் சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு): வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் சரக்கு போனால் வேண்டும். வரியையும் சேர்த்த மதிப்பு இது. வரி இல்லாமல் 92,000 என்பதால் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 18 சதவீதம் சேர்ந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். வண்டி எண்ணைக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் வண்டி கிளம்பும் முன் சேர்த்திருக்க வேண்டும்.

14. தினமும் கடை அடைக்கும் முன்

கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணி, கணினி சொல்லும் ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். யுபிஐ மொத்தத்தையும் அப்படியே. வித்தியாசத்தை அன்றே தேடினால் யார் எந்த பில்லில் ரொக்கம் என்று அடித்துவிட்டு யுபிஐ வாங்கினார் என்பது நினைவிருக்கும். மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

பிறகு பேக்அப். ஒரு பிரதி பென்டிரைவில் வீட்டுக்குப் போகட்டும், ஒரு பிரதி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். கணினிக்குள்ளேயே இன்னொரு டிரைவில் எடுப்பது பேக்அப் ஆகாது. கணினி கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தினமும் பேக்அப் எடுத்தும், தேவைப்பட்ட நாளில் திறக்காத கோப்போடு நின்றவர்கள் இருக்கிறார்கள்.

வாரம் ஒரு ரேக் மட்டும் எண்ணி இருப்பைச் சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணும்போது வரும் பெரிய வித்தியாசம் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

15. மூன்று மாதம் கழித்து

இப்போதுதான் வாட்ஸ்அப் பிசினஸைத் தொடலாம். இருப்பு சரியாக இல்லாத கடை கேட்டலாக் போட்டால், இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் அதிகம் ஓடும் ஐம்பது அறுபது பொருளை மட்டும் கேட்டலாக்கில் ஏற்றுங்கள். பிளம்பர்களும் எலெக்ட்ரீஷியன்களும் தாளில் எழுதிய பட்டியலைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதை அப்படியே பில்லாக அடிக்காமல், முதலில் கொட்டேஷனாகப் போட்டுத் திருப்பி அனுப்பி, சரி என்று பதில் வந்ததும் பில்லாக மாற்றுங்கள். அளவுக் குழப்பம் சரக்கு கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு அறிக்கையையும் இப்போது எடுக்கலாம்: தொண்ணூறு நாளில் ஒன்றுகூட விற்காத பொருட்கள். முதல் முறை பார்க்கும்போது தொகை திடுக்கிட வைக்கும். பழைய மாடல் ஸ்விட்ச், நிறம் போன குழாய், யாரும் கேட்காத அளவு ஃபிட்டிங் என்று பட்டியல் நீளும். சப்ளையரிடம் திருப்பிக் கொடுக்கக்கூடியவற்றைத் தனியாகப் பிரித்து, அடுத்த முறை விற்பனைப் பிரதிநிதி ஆர்டர் எடுக்க வரும்போது, ஆர்டர் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை அவர் முன்னால் வையுங்கள்.